குளத்து ஜிலேபியைத் தின்றே குறைக்கலாமா?



ஜிலேபி என்றதும் மிட்டாய்க் கடைப் பக்கம் ஓடாதீர்கள். நான் சொல்வது ஜிலேபிக் கெண்டை. காரைக்காலில் குளத்திலோ வாய்க்காலிலோ தூண்டில் போட்டவர்களுக்கு இதைத் தெரியாமல் இருக்காது. ஆனால் இது நம் ஊர் மீன் அல்ல, ஆப்பிரிக்க மீன். மலிவான உணவாக இருக்கும் என்று 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணம் நல்லதுதான்.

இதன் தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். ஆபத்து வந்தால் குஞ்சுகளையும் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும்! அதனால் குஞ்சுகள் நிறையப் பிழைக்கின்றன. நல்ல தண்ணீரிலும் வாழும், முகத்துவாரத்து உப்புத் தண்ணீரிலும் வாழும். கூட்டம் பெருகினால் உள்ளங்கை அளவோடு வளர்ச்சி நின்றுவிடும். முட்டையிடுவது மட்டும் நிற்காது.

இதனால் யாருக்கு நஷ்டம்? பனையேறிக் கெண்டையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நமக்குப் பக்கத்தில் உள்ள தரங்கம்பாடியில், இந்த மீன் பனைமரத்தில் ஏறியதை 1791-ல் பார்த்ததாக டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர் எழுதினார். 1797-ல் லண்டனில் அது அச்சாகி உலகமே வியந்தது. மரம் ஏறுமா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி நகர்வது நிஜம். இப்படிப்பட்ட நாட்டு மீன்களோடுதான் ஜிலேபி இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகிறது.

அப்படியானால் சாப்பிட்டே குறைத்துவிடலாமே? அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த சிங்க மீன் அட்லாண்டிக் கடலில் புகுந்து அங்குள்ள மீன்களை விழுங்கத் தொடங்கியது. அதைப் பிடித்துச் சாப்பிடுங்கள் என்று அரசின் கடல்துறையே 2010-ல் பிரசாரம் செய்தது. தொடர்ந்து பிடித்த பாறைகளில் மீன் குறைந்தது. விட்டால் ஆழத்திலிருந்து மறுபடி வந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள். ஏன்? விலை போகிறதே! ஆக, ஒரு மீன் நம் நாக்குக்குப் பிடித்துவிட்டால் அது குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். பண்ணையில் வளர்த்த ஜிலேபியை எத்தனை கிலோ வாங்கினாலும் நம் குளத்தில் ஒரு ஜிலேபிகூடக் குறையாது. குளத்தில் பிடித்ததைச் சாப்பிட்டால்தான் பலன். அதிலும் பெரிய மீனை எடுத்துக்கொண்டு, ஆய்வது தொல்லை என்று பொடி மீனைத் திரும்பத் தண்ணீரில் வீசினால் என்ன பயன்? அந்தப் பொடிதானே முட்டையிடுகிறது!

காரைக்கால் மாவட்டத்தில் 2019-ல் 'நம் நீர்' திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்களைத் தூர் வாரினார்கள். அப்படிக் குளம் வற்றும் கோடைதான் ஜிலேபியை ஒட்ட அரித்தெடுக்க ஏற்ற நேரம். ஆற்றுத் தண்ணீர் வந்தால் அதோடு புதிய குஞ்சுகளும் வரக்கூடும். எனவே ஒவ்வொரு கோடையிலும் வலை போட வேண்டியிருக்கும். வலையில் பனையேறியோ விராலோ சிக்கினால், அதை மட்டும் தண்ணீர் உள்ள பள்ளத்தில் விடச் சொல்லுங்கள்.