அறிந்து கொள்வோம்: காட்டுக் காளானும் பரிசோதகர் மேசையும்

புரட்டாதி, ஐப்பசி மழைக்குப் பின் சுவிஸ் காடுகளில் கூடையோடு திரிபவர்களைக் காண்கிறோம். ஊரில் வைக்கோற் போரடியில் காளான் பிடுங்கிய நினைவு எமக்கும் வந்துவிடுகிறது. "இதுவும் அதுதானே" என்று கை நீட்டுமுன் சற்றுப் பொறுங்கள்.

இங்கே ஓக் மரங்களின் கீழ் ஒரு காளான் முளைக்கிறது. டொச் மொழியில் இதன் பெயர் குனொலன்பிளெற்றர்பில்ஸ். இளம்பச்சைத் தொப்பி, அதன் கீழே வெள்ளை மடிப்புகள், தண்டின் அடியில் ஒரு பை. எமது வைக்கோற் காளானுக்கும் அடியில் அப்படியொரு பை உண்டு. ஆசியாவிலிருந்து அமெரிக்கா சென்றவர்களில் சிலர் இந்த ஒற்றுமையால் ஏமாந்து நஞ்சுக்கு ஆளானார்கள். 2015 இல் ஜேர்மனிக்குப் புதிதாக வந்த அகதிகள் பலர் இதையுண்டு வைத்தியசாலைக்குப் போனார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது.

இதிலுள்ள அமனிற்றின் என்ற நஞ்சை 1941 இல் ஜேர்மன் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். அவித்தாலும் காயவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டு ஆறு மணித்தியாலங்களுக்கு மேல் சென்ற பின்பே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு சுகமானது போலத் தோன்றும். அந்த நேரத்திலும் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி தின்றால் நஞ்சில்லை என்பதெல்லாம் வெறும் கதை. காளான் ஆய்வாளர்களே தொப்பியை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை. தொப்பியைக் கடதாசியில் கவிழ்த்து வைத்து, உதிரும் வித்தித் தூளின் நிறத்தைப் பார்க்கிறார்கள். வைக்கோற் காளானின் தூள் இளஞ்சிவப்பு. நச்சுக் காளானின் தூள் வெள்ளை. அதன்பின் நுணுக்குக்காட்டியில் வித்திகளை ஆராய்கிறார்கள்.

இந்த அறிவு எமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. சுவிஸில் பல ஊர்களில் 'பில்ஸ்கொன்ட்ரோல' என்ற காளான் பரிசோதனை நிலையம் உண்டு. காளானை வெட்டாமல் அடிப்பையோடு கிண்டியெடுத்து, இனம் இனமாகப் பிரித்துக் கூடையில் கொண்டு செல்லுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம். பரிசோதகர் பாராத எதையும் சமைக்க வேண்டாம்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால் வருத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுவிஸில் 145 என்ற நஞ்சுத் தகவல் இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. மிச்சக் கறி, வெட்டிய கழிவு, வாந்தி எதையும் எறியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அதிலுள்ள வித்திகளைக் கொண்டே ஆய்வாளர் காளானை இனங்காண முடியும்.

பாஷை தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். கூடையை மேசையில் வைத்தாலே போதும், அவர்களுக்கு விளங்கும்.