திரைக்குப் பின்னால்

"உங்க அக்கா பெண் நாடகம் படிக்கிறாளாமே? அதெல்லாம் ஒரு படிப்பா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டபோது, எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அக்காவோ, "இந்த வருஷத்தோட நிறுத்திடப் போறேன்டி" என்று ஒரே பிடிவாதம். நேரில் பார்த்துவிட்டுப் பேசலாமே என்று அவளை இழுத்துக்கொண்டு புதுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

மாணவர்களே போடும் நாடகங்கள். ஒன்றில் நடிப்பவர் அடுத்ததில் விளக்குகளைக் கவனிக்கிறார். இன்னொன்றில் உடை தைக்கிறார். எங்கள் பெண் அன்று மேடைக்கே வரவில்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது.

முடிந்ததும் உள்ளே போனோம். கையில் ஊசி நூல், காதில் பென்சில். யார் எப்போது நுழைய வேண்டும், எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று நோட்டில் வரிவரியாக எழுதி, 20 பேரை அவள்தான் நடத்தியிருக்கிறாள்! கல்யாண வீட்டில் சமையலறையிலிருந்தே எல்லாவற்றையும் நடத்துகிறோமே நாம், அதே வேலைதான்.

அந்த நாடகப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். 1918-இல் அவர் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். 1922-இல் அவர் காலமானது இதே புதுச்சேரியில். இன்று அவர் பெயர் தாங்கிய பள்ளியில் நம் பெண்கள் நாடகத்தையே நடத்துகிறார்கள்.

பெண் மேடையில் தெரியவில்லையே என்று ஏங்கும் சகோதரிகளே, ஒருமுறை திரைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "ராத்திரியெல்லாம் கண் முழிக்கிறாடி. தலைக்கு நல்லெண்ணெய் கொடுத்தனுப்பணும்."

படிப்பை நிறுத்துகிற பேச்சையே காணோம்!