தப்பொலியும் பதிவொலியும்

இசைப்பதிவின் சிறப்பைக் கருவியின் விலைகொண்டு அளப்போர் பலர். இரைச்சல் சிறிதுமின்றித் துலங்குவதே நற்பதிவு என்பர் அவர். அது பாதி உண்மையே. பாடலின் சொல்லையும் அது பிறந்த களத்தையும் ஒருங்கே காப்பதே நற்பதிவு என்பது எம் துணிபு.

மலையகத் தோட்டங்களில் மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்தை நோக்குக. அதற்கு உயிர் தப்பு. அட்டனிலும் நுவரெலியாவிலும் பனியும் ஈரமும் மிகுதியாதலின் தோல் நெகிழும், ஒலி மழுங்கும். ஆதலின் கலைஞர் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சி முறுக்கேற்றுவர். பதிவிலும் முதல் வேலை அதுவே. நெகிழ்ந்த தோலின் ஒலியை எப்பொறியும் பின்னர்த் திருத்தித் தராது.

அடுத்தது ஒலிவாங்கியின் இடம். தப்பு திறந்தவெளிக்கென அமைந்த வாத்தியம். ஒலிவாங்கி அதனை மிக நெருங்கினால் ஓசை சிதறும். ரதியின் புலம்பற் சொற்கள் அதனுள் மூழ்கும். பாடுவோர் அருகே ஒலிவாங்கியும், சில அடி தள்ளித் தப்பும் அமைந்தால் இரண்டும் தெளியும். தூண்களின் நிழல் ஆடரங்கில் விழாதவாறு விளக்கிடும் முறையைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும். அந்நெறி ஒலிக்கும் பொருந்தும்: தப்பின் நிழல் சொல்லின்மேல் விழலாகாது.

இன்று இளைஞர் கைப்பேசியிற் பதிகின்றனர். வரவேற்கத் தக்கதே. ஆயினும், பல கைப்பேசிகள் மெல்லொலியைத் தாமே உயர்த்தி வல்லொலியைத் தாமே தாழ்த்தும். ஏற்றத்தாழ்வு அழிந்தபின் புலம்பல் ஏது, ஆர்ப்பு ஏது? அவ்வமைப்பை நிறுத்த இயலுமாயின் நிறுத்துக. காற்று மோதாத மறைவில் கருவியை வைக்க.

கலைஞரை நகரத்து ஒலிப்பதிவு அறைக்கு அழைத்து, மின்னிசைக் கருவிகளையும் கூட்டினால் மெருகேறும் என்பாரும் உளர். மெருகு ஏறலாம்; களம் வாராது. சூழ நின்றாரின் ஆரவாரமும் கூத்தின் உறுப்பன்றோ?

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983 இல் நூலாயிற்று. அதனாற் சொற்கள் பிழைத்தன. மெட்டையும் குரலின் குழைவையும் ஏட்டில் ஏற்றுதல் அரிது. அவற்றை அறிந்த முதியோர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். ஆசிரியர்களே, மாணவர்களே, அக்குரல்கள் அடங்குமுன் சென்று பதிக. பாடுவோர் பெயர், தோட்டம், நாள் ஆகிய மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லி வைக்க. பெயரற்ற பதிவு, எத்துணை இனிதாயினும், ஊரறியாத பிள்ளையே.