அரைப் பேரும் முழுப் பேரும்

மதுரை என்றதும் வைகையும் மீனாட்சியம்மன் கோபுரமும் கண் முன்னால் வருவது இயற்கை. நீலகிரியிலும் ஒரு மதுரை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ரீமதுரை என்று மரியாதையாகவே அழைக்கிறார்கள். கூடலூர்த் தாலுகாவில், தமிழும் மலையாளமும் கன்னடமும் ஒரே சந்தையில் நின்று பேரம் பேசுகிற பிரதேசத்தில் உள்ள கிராமம். அங்கிருந்து வாசக சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேஜையின் மேல் இருக்கிறது. பெயரையும் சபையையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சாரத்தை மட்டும் சொல்லுகிறேன்.

அவருடைய தாயார் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே ஞானஸ்நானம் பெற்றவர். 1970-களில் கணவரோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறினார். தலைமன்னாரிலிருந்து ராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அதன் பிறகு நீலகிரி. இந்த அலைச்சலில் தகரப் பெட்டி ஒன்று காணாமற் போயிற்று. பாத்திரம் பண்டம் போனதற்கு அம்மா அழவில்லையாம். அந்தப் பெட்டியில்தான் ஞானஸ்நானச் சீட்டும் இருந்தது, அதற்குத்தான் அழுதாராம். இன்று அவருக்கு வயது 80-க்கு மேல். ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடத்தின் கடைசிப் பாயில் போய் உட்காருகிறார். ஆனால் சபைப் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. "சீட்டைக் கொண்டு வாருங்கள், எழுதிக்கொள்ளுகிறோம்" என்ற பதிலே இத்தனை வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. போதகரோ மாதம் ஒரு முறை வருகிறவர்; இவர் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் மாற்றலாகிப் போய்விடுகிறார். கல்லறைத் தோட்டத்தில் தனக்கு இடம் கொடுப்பார்களா என்பதுதான் அம்மாவுக்கு இப்போது இருக்கும் ஒரே கவலை.

மகளின் கேள்வி வேறு. கிறிஸ்துவே சபையின் பிரதான ஆசாரியர், தம்முடையவர்களின் பெயர்களை நெஞ்சில் சுமக்கிறவர் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். "பெயரே எழுதப்படாதவளை அவர் எப்படிச் சுமப்பார்?" என்று எழுதியிருக்கிறார்.

கேள்வி சாதாரணமானதல்ல. கிறிஸ்தவர்களல்லாத நேயர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் ஆகையால், அந்த 'சுமப்பது' என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய எபிரெயர்களின் பிரதான ஆசாரியர் அணிந்த உடையைப் பற்றி யாத்திராகமம் என்ற புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முழுக்க விவரம் இருக்கிறது. நகை விஷயத்தில் நம் பெண்மணிகளுக்கு உள்ள நுட்பம் அதை எழுதினவருக்கும் இருந்திருக்கிறது! இரண்டு தோள்களிலும் ஒவ்வொரு கல். கல்லுக்கு ஆறு பெயர் வீதம் 12 கோத்திரங்களின் பெயர்கள் அவற்றில் வெட்டப்பட்டிருக்கும். மார்பிலே ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலமுள்ள பதக்கம். அதில் வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசை ரத்தினங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். பெரிய கோத்திரத்துக்கும் ஒரு கல், சின்னக் கோத்திரத்துக்கும் ஒரு கல். ஆசாரியர் சந்நிதிக்குள் போகும்போது தனியாகப் போவதில்லை. அத்தனை பேரையும் தோளிலும் நெஞ்சிலும் தூக்கிக்கொண்டுதான் போகிறார். தோள் பாரம் சுமப்பதற்கு. நெஞ்சு எதற்கு என்று குழந்தை வளர்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் என்பது தோட்டத்து ஜனங்களுக்கு வெறும் பெயர் அல்ல. இலங்கைத் தோட்டங்களில் காலையில் பெரட்டுக்குப் போய் நின்று, கொழுந்து பறித்து, நிறுவை முடிந்ததும் செக்ரோலில் 'பேர் போடுவார்கள்'. பேர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. பறித்த கொழுந்து எடை குறைந்து போனால் அரைப் பேர்தான். காலை முதல் மாலை வரை மலையில் முதுகு வளைத்தவள் முழுசாகத்தான் நிற்கிறாள். புத்தகத்தில் மட்டும் பாதியாகிவிடுகிறாள். எந்தப் புலவர் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு சொல் கிடைத்திருக்காது.

பிறகு இன்னொரு பெரிய புத்தகம் வந்தது. 1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 1974-ல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாட்டு வனத்துறை 1968-ல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. அதுதான் பிற்பாடு 'டான்டீ' என்ற அரசாங்க நிறுவனமாயிற்று. ஒரு ஜனக்கூட்டம் முழுவதும் பட்டியலை நம்பி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு வந்தது. அதில் ஒருத்திக்குச் சபைப் பட்டியலிலும் இடமில்லை என்றால் மனசு எப்படி இருக்கும்?

வேதாகமத்தில் இதே போன்ற ஒரு சம்பவம் இருக்கிறது. எஸ்றாவின் புத்தகத்தில், அதிகம் பேர் படிக்காமல் தள்ளிவிடுகிற பெயர் ஜாபிதாவுக்கு நடுவில், ஒளிந்துகொண்டிருக்கிறது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் பல வருஷங்களுக்குப் பிறகு சொந்த தேசத்துக்குத் திரும்பி வருகிறார்கள். வந்தவர்களில் சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடுகின்றன. அகப்படவில்லை. உடனே அவர்களை ஆசாரிய ஊழியத்திலிருந்து தள்ளி வைத்துவிடுகிறார்கள். பரிசுத்தமானதில் பங்கு இல்லை என்று அதிபதி உத்தரவு போடுகிறார். எதுவரையில்? ஊரீம் தும்மீம் உள்ள ஓர் ஆசாரியர் எழும்புகிற வரையில். ஊரீம் தும்மீம் என்பவை தெய்வ சித்தத்தை அறிவதற்காகப் பிரதான ஆசாரியரின் மார்ப்பதக்கத்திலே வைக்கப்பட்டவை. அதாவது, புத்தகம் கைவிட்ட வழக்கை நெஞ்சில் பெயர் சுமக்கிறவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்கள் பிற்பாடு என்ன ஆயின என்று புத்தகம் சொல்லுவதில்லை.

புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதின நிருபத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிறிஸ்துவைப் பிரதான ஆசாரியர் என்று விஸ்தாரமாகச் சொல்லுகிற நிருபம் அது ஒன்றுதான். ஆனால் சொல்லும்போதே ஒரு சங்கடத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ஆசாரியராக இருக்க வேண்டுமானால் லேவி கோத்திரத்தில் பிறந்திருக்க வேண்டும். இயேசு பிறந்ததோ யூதா கோத்திரத்தில். சட்டப்படி பார்த்தால் ஆசாரியப் பட்டியலில் அவர் பெயருக்கே இடமில்லை! அதனால் நிருபக்காரர் மெல்கிசேதேக்கு என்ற புராதன ராஜாவை அழைத்து வருகிறார். தாய் யார், தகப்பன் யார், எந்த வம்சம் என்று எங்கும் எழுதி வைக்கப்படாத ஆசாரியன் அவன். கிறிஸ்து அந்த வரிசையைச் சேர்ந்தவர் என்கிறது நிருபம். இதற்கு மேல் விரித்தால் பத்திராதிபர் கத்தரியை எடுத்துவிடுவார். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஸ்ரீமதுரை அம்மாளுக்காகப் பரிந்து பேசுகிறவரிடமும் காட்டுவதற்குச் சீட்டு இல்லை.

மற்ற ஆசாரியர்கள் பல பேராக இருந்ததற்குக் காரணம் மரணம் என்றும் அந்த நிருபம் சொல்லுகிறது. ஒருவர் போனால் இன்னொருவர். இவர் என்றென்றும் இருக்கிறவர், ஆகையால் பரிந்து பேசுவதும் ஓய்வதில்லை. நம் பாஷையில் சொன்னால், மாற்றல் உத்தரவு வராத ஆசாரியர். அதோடு, பாடும் கண்ணீரும் தெரிந்தவர் என்று அழுத்திச் சொல்லுகிறது. கஷ்டப்படுகிறவரின் கதையை அவருக்கு ஆதியிலிருந்து விளக்க வேண்டியதில்லை.

இந்த மலைக்கே ஒரு பழைய கதை உண்டு. நீலகிரியின் மேல் தோடர்மலையில், மறந்துபோன கிறிஸ்தவர்கள் யாரோ வாழ்கிறார்கள் என்று மலையாளக் கரையில் ஒரு வதந்தி இருந்தது. பிரான்சிஸ்கோ ரோஸ் என்ற மேற்றிராணியார் அதைக் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு கத்தனாரை அனுப்பினார். தகவல் திருப்தியாக இல்லை. 1603-ல் ஜாக்கோமோ பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் போனார். மண்ணார்க்காட்டுப் பக்கமாக, சாலையில்லாத அந்தக் காலத்தில் மலையேறினார். தோடர்களையும் படகர்களையும் கண்டார். தோடப் பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்தார். இவர்கள் தாம் தேடி வந்த ஜனங்கள் அல்ல என்று தெரிந்துகொண்டு இறங்கிப் போய், கோழிக்கோட்டிலிருந்து கடிதம் எழுதினார். நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் நேரில் கண்டு எழுதிய முதல் விவரம் அதுதான் என்கிறார்கள். தேடிப் போன காரியம் பலிக்கவில்லைதான். ஆனாலும், எந்தப் புத்தகத்திலும் பெயரில்லாதவர்களைத் தேடி ஒரு சபை மலையேறியது என்பதை என்னால் லேசாக நினைக்க முடியவில்லை. சீட்டு எங்கே என்று கேட்பதற்கு அவர் போகவில்லை, பாருங்கள்.

தோடர்களிடமும் ஆசாரியர் உண்டு. புனித எருமைகளை மேய்த்து, பால் கறந்து கடைந்து, பால்குடிலில் விளக்கேற்றுவதுதான் அவருடைய ஊழியம். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் வெளியிட்ட புத்தகத்தில் அவர்களுடைய பிரார்த்தனையை விவரித்திருக்கிறார். முதலில் எருமைகளின், குடில்களின், மலைகளின் புனிதப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதன் பொருட்டு, இதன் பொருட்டு என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டுமாம். வேண்டுதல் அப்புறம்தான். பெனிசியோவின் மார்க்கம் வேறு, இவர்கள் மார்க்கம் வேறு. ஆனால் ஆசாரியர் என்பவர் பெயர் சொல்லுகிறவர் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு இருந்திருக்காது.

சபைப் புத்தகத்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆலயத்தில் விளக்குகளைச் சீர்படுத்துவதும் ஆசாரியரின் வேலையாக இருந்தது. அதற்கென்று பொன்னினால் கத்தரியும் சாம்பல் பாத்திரமும் செய்து வைத்திருந்தார்கள். திரி கருகினால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுடர் புகைந்து கூடமெல்லாம் கரி பிடிக்கும். நம் வீட்டு அனுபவமும் அதுதானே? யோவான் பத்மு தீவில் கண்ட தரிசனத்தில் கிறிஸ்து பாதம் வரை நீண்ட அங்கியோடு ஏழு குத்துவிளக்குகளுக்கு நடுவே நிற்கிறார். குத்துவிளக்கு என்றே தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. ஏழும் ஏழு சபைகள்; எல்லாம் இன்றைய துருக்கியில் உள்ள ஊர்கள். ஒவ்வொன்றின் கதையும் தமக்குத் தெரியும் என்று சொல்லிக் கடிதம் எழுதுவிக்கிறார். ஐந்து சபைகளுக்குத் திட்டு விழுகிறது. பணக்கார லவோதிக்கேயாவுக்கு நன்றாகவே விழுகிறது. சர்தை சபைக்கு உயிருள்ளது என்ற பெயர் இருந்தது, உயிர்தான் இல்லை. திட்டு விழாதவை இரண்டு: ஏழைச் சபையான சிமிர்னா, பலம் கொஞ்சமே உள்ள பிலதெல்பியா. பராமரிப்பு என்றால் தடவிக் கொடுப்பது மட்டுமல்ல, கத்தரியும் சேர்ந்ததுதான். புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டுமென்று ஒரு கிழவியைக் கடைசிப் பாயிலேயே வைத்திருக்கும் சபை, அந்தக் கத்தரி எந்தத் திரிக்கு என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். சகோதரிக்கு நான் சொல்வது: முதலில், சீட்டுதான் தொலைந்தது, ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் பதிவேடு இலங்கையிலேயே இருக்கக்கூடும். தோட்டத்தின் பெயர், உத்தேசமான வருஷம், பெற்றோர் பெயர் மூன்றையும் எழுதி அந்தக் கோயிலுக்கே ஒரு கடிதம் போடுங்கள். கிடைக்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. நீங்கள் கத்தோலிக்கரானால், 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத்தில் 876-ஆவது விதியை உங்கள் சாமியாரிடம் ஞாபகப்படுத்துங்கள். ஞானஸ்நானம் நடந்ததற்கு, யாருக்கும் பாதகமில்லாத பட்சத்தில், நம்பத் தகுந்த ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும் என்கிறது அது. மற்றச் சபையாரானால், இதே முறையில் சாட்சி வைத்து எழுதிக்கொள்ள முடியுமா என்று போதகரையும் கமிட்டியையும் நேரில் கேளுங்கள். தபாலில் கேட்க வேண்டாம்.

அம்மாவோடு அதே லயத்தில் வளர்ந்து, அதே கப்பலில் வந்தவர் யாராவது கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இருப்பார். விசாரியுங்கள். அவருக்கும் வயதாகியிருக்கும். தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் உங்கள் பக்கத்துப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்கு முந்தியே, போதகர் வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். எழுதும்போது அம்மாவின் பெயரை, தகப்பனார் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும், முழுப் பேராகவே எழுதச் சொல்லுங்கள்.