கத்தி கட்சியில சேருங்க!

மாடல் ரயில் ஆசாமிங்களுக்குள்ள ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு மக்களே. கட்டடத்தை கிட்டா வாங்கி ஒட்டுறதா, இல்ல வெறும் ஸ்டைரீன் ஷீட்டை வெட்டி முதல்ல இருந்து கட்டுறதா? லேசர்ல வெட்டின கிட், 3டி பிரிண்டர் எல்லாம் வந்தாச்சு, இனி எவன்யா கத்தி எடுப்பான்னு கேக்குறாங்க. நான் கத்தி கட்சி. ஏன்னு சொல்றேன்.

அமெரிக்காவில சின்ன ஊர் ஸ்டேஷனை டிப்போன்னு சொல்வாங்க. (நம்ம பஸ் டிப்போ இல்ல!) சதர்ன் பசிபிக் ரயில்வே இதுக்குன்னு நம்பர் போட்ட பிளான்களே வச்சிருந்தது. 22-ம் நம்பர் பிளான்ல கீழே பயணிகளும் சரக்கும், மாடியில ஏஜென்ட் குடும்பம். கலிஃபோர்னியா சிமி வேலியில 1903-ல கட்டின சாண்டா சுசானா டிப்போ அந்த வகைதான். இப்போ அது மியூசியம். உள்ளேயே ஒரு மாடல் ரயில் ஓடுது.

இதை எச்.ஓ. அளவுல, அதாவது 1:87-ல கட்டணும்னா நிஜத்துல ஒரு அடி மாடல்ல 3.5 மி.மீ. சுவருக்கு 1 மி.மீ. ஷீட் போதும். ஜன்னல் ஓட்டைகளை முதல்ல வெட்டிட்டு அப்புறம்தான் சுவரைத் தனியா எடுக்கணும். முழுசா அறுக்க வேணாம், ரெண்டு மூணு தடவை கீறிட்டு மடக்கினா டக்குனு உடையும். திரவப் பசையை பிரஷ்ல தொட்டு இணைப்புல வச்சா தானா உள்ள இழுத்துக்கும். ரெண்டு துண்டும் லேசா உருகி ஒண்ணாயிடும்.

வேலை இவ்ளோதான். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி அளக்கணும்ல? அங்கதான் விஷயமே இருக்கு. தண்டவாளப் பக்கம் சுவர்ல ஒரு பகுதி மட்டும் ஏன் வெளியே துருத்திட்டு நிக்குது? ஏஜென்ட் தந்தி மேசையை விட்டு எழுந்திருக்காமலே ரெண்டு திசையிலும் ரயில் வருதான்னு பாக்குறதுக்கு. பக்கத்துல ஏன் சிக்னல் கம்பம்? டிரைவருக்குக் குடுக்க வேண்டிய உத்தரவு சீட்டு இருக்குன்னு காட்டுறதுக்கு. கிட்ல 7-ம் நம்பர் துண்டை 8-ம் நம்பரோட ஒட்டுறவனுக்கு இந்தக் கேள்வியே வராது.

நம்ம ஆபீஸ்ல லைப்ரரி இருக்குறப்ப சொந்தமா கோடு எழுதினா ரிவ்யூல திட்டு விழும். நியாயம்தான், அங்க டெட்லைன் இருக்கு. பொழுதுபோக்குக்கு எதுக்குங்க டெட்லைன்? அங்கயும் ஆணி புடுங்கணுமா?

ரேடியோ வந்துச்சு, தந்தி போச்சு, ஏஜென்ட் வேலையும் போச்சு. எத்தனையோ டிப்போக்களை இடிச்சுத் தள்ளிட்டாங்க. கிட் கம்பெனி விக்கிற டிப்போவைத்தான் போடும், அதைத் தப்பு சொல்ல முடியாது. அதனாலதான் எந்த லேஅவுட்டைப் பாத்தாலும் அதே நாலஞ்சு ஸ்டேஷன். மத்த ஊர் டிப்போவெல்லாம் யாராவது ஒருத்தர் பழைய போட்டோவை வச்சு பலகையை எண்ணி, உயரத்தைக் கணக்குப் போட்டாத்தான் மிஞ்சும். வேலையில்லாம இருந்த கட்டடக் கலைஞர்களை வச்சு அமெரிக்க அரசு 1933-ல பழைய கட்டடங்களை அளந்து வரைய ஆரம்பிச்சது. அந்த வரைபடங்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இலவசமாவே கிடைக்குது. அப்புறம் என்ன சாக்கு?

ஜன்னல் சட்டத்தைக் கடையில வாங்கிக்கோங்க, குத்தமில்ல. நீங்களே அளந்து, நீங்களே வரைஞ்சு 3டி பிரிண்ட் எடுத்தாலும் நீங்க நம்ம கட்சிதான். அளக்குற வேலையை மட்டும் அடுத்தவன்கிட்ட விடாதீங்க.

டிஸ்கி: பசை போடுறப்ப ஜன்னலைத் திறந்து வைங்க, புகை நல்லதில்ல. டிப்போ ஜன்னல் இல்லப்பா, வீட்டு ஜன்னல் :-)