வடக்குத் தீவுகளுக்கும் நாள் குறித்து விமானம் வேண்டும்

பசிபிக் கடலிலுள்ள குக் தீவுகளில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் எப்படி நடக்கும் என்பதை, அவள் எந்தத் தீவில் இருக்கிறாள் என்பதே தீர்மானிக்கிறது. முக்கியத் தீவான ராரோடோங்காவில் இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் காரில் போய்விடலாம். வடக்குத் தீவான மனிஹிக்கியில் இருந்தால் நாள் நெருங்குவதற்குச் சில வாரம் முன்பே, மற்றப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி ராரோடோங்காவுக்கு வந்து காத்திருக்க வேண்டும். அவளை ஏற்றி வருவது ஏர் ராரோடோங்கா என்ற சின்ன விமான நிறுவனம். அந்த விமானம் எப்போது புறப்படும் என்பது அவளுடைய மாதக் கணக்கைப் பார்த்து முடிவாவதில்லை. ஆள் சேருமா, எரிபொருள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவாகிறது.

நான் ஆக்லாந்தில் செவிலியராக இருக்கிறேன். குக் தீவு மக்களுக்கு நியூசிலாந்துக் குடியுரிமை உண்டு. அங்கே செய்ய முடியாத சிகிச்சைக்கு இங்கேதான் வருகிறார்கள். ராரோடோங்காவிலிருந்து ஆக்லாந்துக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். அதை யாரும் ஒரு பயணமாகவே சொல்வதில்லை. அதற்கு முந்தைய பயணத்தைத்தான் சொல்வார்கள். மனிஹிக்கியில் கறுப்பு முத்து வளர்த்த பெரியவர் ஒருவர் என் வார்டில் இருந்தார். சிப்பி கீறிக் கீறி உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தழும்பு. ஊசி போட நரம்பு தேடும்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். வலி வந்த வாரத்தில் விமானம் இல்லை. சரக்குக் கப்பலில் நாட்கணக்காகப் படுத்தபடி ராரோடோங்கா வந்து சேர்ந்திருக்கிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான் என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இதில் நிறுவனத்தை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமில்லை. 1978-இல் ஒரே ஒரு பிரிட்டன்-நார்மன் ஐலேண்டர் விமானத்தோடு தொடங்கிய தனியார் நிறுவனம் அது. நாட்டின் மக்கள்தொகையே சுமார் 15,000. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ராரோடோங்காவில். பதினைந்து தீவுகளும் ஏறக்குறைய இருபது லட்சம் சதுர கிலோமீட்டர் கடலில் சிதறிக் கிடக்கின்றன. அய்ட்டுடாக்கிக்கு ஐம்பது நிமிடம். சுற்றுலாப் பயணிகளால் விமானம் நிரம்பிவிடும். வடக்கே மனிஹிக்கி, புக்காபுக்கா, பென்ரின் பக்கம் கணக்கே வேறு. மூன்று மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். சின்ன விமானத்தில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் ஒரு பயணியின் இடத்தைத் தின்கிறது. அதனால் பாதி இருக்கையை விற்காமலே பறக்க நேரும். ராரோடோங்காவிலிருந்து ஆக்லாந்து போய் வருவதைவிட மனிஹிக்கி போய் வரக் கட்டணம் அதிகம் என்றால் காரணம் இதுதான்.

அட்டியு தீவுக்குப் போனபோது இந்தக் கணக்கை நேரில் பார்த்தேன். பையை எடை போட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒரு ஐஸ் பெட்டியையும் ரொட்டி அட்டைப்பெட்டியையும் வைத்தார், எடை மீறியது. பெட்டியைத் திறந்து எதை எடுப்பது என்று யோசித்து, கடைசியில் தன் துணிப்பையை விட்டுவிட்டு ரொட்டியை ஏற்றினார். இறங்கிய இடத்தில் பவளக்கல் பொடித்துப் போட்ட ஓடுபாதை, ஒரு கொட்டகை, பூமாலையோடு காத்திருக்கும் ஊர்க்காரர்கள். 2007-இல் பிரெஞ்சு பாலினேசியாவின் ரிமட்டாரா தீவிலிருந்து 27 லோரிகீட் கிளிகளைக் கொண்டுவந்து விட்டதும் இந்த அட்டியுவில்தான். இங்கே அழிந்துபோன இனம் மறுபடி கூடு கட்டுகிறது. ஒரு தீவுக்கு விமானம் எதையெல்லாம் கொண்டுவர முடியும் பாருங்கள்.

ஆனால் இந்தக் கடலில் விமானம் முதலில் வந்தது தீவுக்காரர்களுக்காக அல்ல. அய்ட்டுடாக்கியிலும் பென்ரினிலும் ஓடுபாதை போட்டது இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை. 1951 முதல் 1960 வரை டீல் என்ற விமான நிறுவனத்தின் கடல் விமானங்கள் அய்ட்டுடாக்கி காயலில் இறங்கின. எரிபொருள் நிரப்பும் நேரத்தில் வசதி படைத்த பயணிகள் நீந்திவிட்டுப் போனார்கள். பிறகு ராரோடோங்காவுக்கு வந்துபோகும் ஏர் நியூசிலாந்தின் லாஸ் ஏஞ்சலிஸ், சிட்னி விமானங்கள் நஷ்டப்படாமல் இருக்கப் பல ஆண்டுகள் குக் தீவு அரசு பொதுப்பணம் கொடுத்தது. அது தவறென்று சொல்ல மாட்டேன். சுற்றுலாதான் அந்த நாட்டுக்குச் சோறு போடுகிறது. கலிபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவரின் இருக்கைக்கு உத்தரவாதம் கொடுக்க முடிந்த அரசால், புக்காபுக்காவின் கர்ப்பிணிக்கும் அதைக் கொடுக்க முடியும் என்கிறேன்.

முடியாத காரியமும் அல்ல. பக்கத்து பிரெஞ்சு பாலினேசியாவில் ஏர் தஹிதி நிறுவனம், போரா போரா போன்ற சுற்றுலாத் தடங்களில் வரும் லாபத்தைக் கொண்டு ட்வாமொட்டுவின் சிறு தீவுகளுக்குப் பல காலம் பறந்துவந்தது. இப்போது அந்த நஷ்டத் தடங்களைப் பொதுச் சேவையாக ஏற்று அரசு பணம் தருகிறது. குக் தீவுகளுக்கு அவ்வளவு பெரிய கஜானா இல்லை என்பது உண்மை. அங்கேதான் நியூசிலாந்து வர வேண்டும். குக் தீவு வம்சாவளியினர் 80,000-க்கும் மேற்பட்டோர் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். தீவில் மீந்தவர்களைப்போல ஐந்து மடங்கு. அவர்களின் உழைப்பை வாங்கிக்கொண்ட நாடு, ஊரில் மீந்தவர்களுக்கு மாதம் ஒரு விமானம் அனுப்பக் கணக்குப் பார்க்கக் கூடாது. வடக்கில் ஓடுபாதை உள்ள ஒவ்வொரு தீவுக்கும் ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மாதம் ஒரு முறை, முன்கூட்டியே அறிவித்த தேதியில் விமானம் போக வேண்டும். பிரசவத்துக்கும் சிகிச்சைக்கும் அதில் இரண்டு இருக்கையாவது ஒதுக்க வேண்டும்.

ஆக்லாந்துத் தமிழ்க் குடும்பங்கள் பல ஜூலை விடுமுறைக்கு ராரோடோங்கா போகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவினர்களையும் அழைத்துப் போகிறோம். நம் டிக்கெட்டிலேயே அந்த நாட்டின் புறப்பாட்டு வரி சேர்ந்திருக்கிறது. வடக்குத் தீவு விமானத்துக்காக அதை இன்னும் கொஞ்சம் கூட்டினால் முணுமுணுக்காமல் கட்டுங்கள்.