வந்தவர் மீது பழி வேண்டாம்

ஆடித்தபசுக்குக் கடல் கடந்து வாழும் சங்கரன்கோவில் வாசிகள் பலர் ஊர் திரும்புவர். அவர்களில் எவருக்கேனும் ஜுரம் கண்டால், "வியாதியைக் கொண்டுவந்தான்" என்று தூற்றுவோர் உளர். இஃது அறியாமை.

டெங்குவும் சிக்குன்குன்யாவும் ஒருவரைத் தொடுவதால் ஒட்டுவன அல்ல. ஜுரம் கண்டவரைக் கடித்த ஏடிஸ் கொசுவே, சுமார் பத்து நாட்களுக்குப் பின் கடிக்கும்போது அடுத்தவருக்கு அதனை அளிக்கின்றது. 2007இல் கேரளத்திலிருந்து இத்தாலிக்குச் சென்ற ஒருவரின் உடலிலிருந்த சிக்குன்குன்யா, ராவென்னா ஜில்லாவில் சுமார் இருநூறு பேரைப் பீடித்தது. ஐரோப்பாவாயினும் கொசு இருந்தமையால் வியாதி பரவிற்று. கொசுவை ஒடுக்கவே அடங்கிற்று.

நமது ஊரில் அக்கொசுவை வளர்ப்பவர் யார்? குழாயில் நீர் வரும் நாள் நிச்சயமில்லையெனில், ஏழை ஜனங்கள் குடத்திலும் தொட்டியிலும் சேமித்தே தீர வேண்டும். மூடாத அந்நீரில் பத்து நாளைக்குள் முட்டை கொசுவாகிறது. 2012இல் திருநெல்வேலி ஜில்லாவை டெங்கு வாட்டியதை மறந்தோமா? ஒழுங்காகக் குடிநீர் அளிப்பது முனிசிபாலிடியின் கடமை. பாத்திரங்களை மூடி, வாரந்தோறும் தேய்த்துக் கழுவுவது ஜனங்களின் கடமை.

ஊர் திரும்பியோர்க்கும் ஒரு சொல். இரு வாரத்துள் ஜுரம் கண்டால் சென்றுவந்த தேசத்தை வைத்தியரிடம் மறையாது கூறுங்கள். பகலிலும் கொசுவலைக்குள் படுங்கள், ஆஸ்பிரின் உண்ணாதீர்கள்.

சுயராஜ்யம் பெற்ற ஜனங்கள் தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஆள முடியாதா?